அழிந்துபோன கோல் கோட்டைத் தாண்டினேனாம், விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை கீப்பர்:
அண்ணாச்சிகளே, மனசு ஆறவே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்கு கோல்கீப்பர் நான், மூன்றாம் ஆண்டு. போன வருடம் முதல் மேட்ச்சிலேயே ஆறு கோல் வாங்கித் திரும்பிய அணி. இந்த வருடம் விடிகாலை ஐந்தரைக்கே மைதானம். ஒரு மாதமாக ராத்திரி பரோட்டா கிடையாது, பி.டி. சார் உத்தரவு. (திருநெல்வேலியில் இருந்துகொண்டு பரோட்டாவை விடுவது என்றால் சும்மாவா?) மூன்று மேட்ச் ஜெயித்து, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதிக்கு வந்தோம். எதிரில் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன்கள். மணலில் ஓடிப் பழகிய கால், நம்ம செம்மண்ணில் கேட்கவா வேண்டும்!

ஐப்பசி மழை, இரண்டாம் பாதி முழுக்கச் சேறு. 1-1. பெனால்டி ஷூட் அவுட்டில் நாங்கள் ஐந்துக்கு நாலு, அவர்கள் நாலுக்கு நாலு. ஐந்தாவதை இடப்பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டேன். எழுந்தால் விசில். அவன் அடிக்கும் முன்பே கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டேனாம். எந்தக் கோடு? சுண்ணாம்புப் பொடி அரை மணி நேரத்துக்கு முன்பே கரைந்து ஓடிவிட்டது. மறுபடி அடித்தான், கோல். இது சரியா?

பழைய ஸ்டாப்பர்:
தம்பி, வ.உ.சி. மைதானத்தில் நாங்கள் ஆடின காலத்தில் கீப்பர் ரெண்டு எட்டு முன்னால் வந்தாலும் யாரும் கேட்டதில்லை. அடுத்த தடவை மழை பெய்தால் குதிகாலால் நீயே ஒரு கோடு கீறிக்கோ.

விசில்காரன்:
அண்ணாச்சி பேச்சைக் கேட்டுக் கீறிவிடாதே தம்பி, அதற்கே மஞ்சள் அட்டை உண்டு.

முன்பெல்லாம் ரெண்டு காலும் கோட்டில் இருக்கணும். 2019-ல் இளக்கினார்கள்: பந்தை அடிக்கும் நொடியில் ஒரு காலில் கொஞ்சமாவது கோட்டில் பட்டால் போதும், அந்தரத்தில் இருந்தாலும் கோட்டுக்கு நேரே இருக்கணும். 2022 முதல் கோட்டுக்குப் பின்னால் இருந்தாலும் சரி. ரெண்டும் முன்னால் வந்து, பந்தையும் தடுத்துவிட்டால் திரும்ப அடிக்க வேண்டியதுதான். அவனே வெளியே அடித்திருந்தால் கதை வேறு. நீ முன்னால் வந்தது அவனைத் தெளிவாகக் குழப்பியிருந்தால்தான் மறுபடி. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்தது மஞ்சள். கோடு அழிந்தாலும் ரெண்டு போஸ்ட்டும் அங்கேதானே நிற்கின்றன? போஸ்ட்டைப் பார்த்து நில்.

ஆனால் கோடே தெரியாத மைதானத்தில் ஷூட் அவுட் நடத்தியது தப்பு. ஒரு கை சுண்ணாம்பு போட எவ்வளவு நேரம் ஆகும்?

பாளை கீப்பர்:
நன்றி சார். தங்கச்சி போனில் எடுத்த வீடியோவை இப்போதுதான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரெண்டு காலும் போஸ்ட்டுக்கு ஒரு முழம் முன்னால்தான் இருக்கிறது. பி.டி. சாரிடம் இன்னும் காட்டவில்லை. அப்புறம் காட்டிக்கலாம், முதலில் நாலு பரோட்டா.