மேகாலயக் குகைக்குப் போகும் சாமான்: கட்டுவதும் அடையாளம் போடுவதும்

கடற்கரை ஊர்களிலிருந்து குகைக்குப் போகும் நான்கு பேர், அவரவர் ஊர்ப் பெயரில், ஆளுக்கொரு பகுதியாகச் சொல்வது:

பாம்பன்:

பையைக் கட்டுவதற்கு முன்னால் உப்பைக் கவனிக்கணும். நம்ம கடற்கரையில் சுவரில் சும்மா தொங்கும் ஹார்னஸிலும் (கயிற்றில் தொங்க இடுப்பில் கட்டும் பட்டை) கேரபினரிலும்கூட (கதவுள்ள உலோகக் கொக்கி) உப்பு ஏறிவிடும். அலுமினிய கேரபினரின் கதவைத் திறந்து, அதன் எஃகு ஆணி இருக்கும் மூட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். கயிற்றில் ஏற உதவும் அசெண்டரின் ஸ்பிரிங்கும் அப்படித்தான், வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே இறுகிக் கிடக்கும்.

கழுவும்போது கடைசி அலசல் நல்ல தண்ணியில் இருக்கட்டும். போர் தண்ணியில் அலசிக் காயவைத்தால் அதே உப்பு மறுபடி படியும். ஒருவருடைய உலோகச் சாமானுக்கு அரைக் குடம் போதும். நிழலில் காயவையுங்கள், வெயில் நைலானைத் தின்றுவிடும். மூட்டில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கெட்டியான மெஷின் ஆயில் களிமண்ணை இழுத்து ஒட்டவைக்கும்.

கீழக்கரை:

படகுக் கயிறு போதாதா என்று புதுப் பசங்க கேட்கிறார்கள். போதாது தம்பி. பச்சை, மஞ்சளில் வரும் அந்தக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். நீளமான இறக்கத்தில் வேகமாக வந்தால் கயிற்றில் இறங்கும் கருவியான டிசெண்டர் கொதிக்கும். குகைக்கு வேண்டியது அதிகம் இழுபடாத நைலான் ஸ்டேடிக் கயிறு, அது 215 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

புதுக் கயிற்றை வாங்கியதுமே வெட்டி நீளம் எழுதிவிடாதீர்கள். ஒரு ராத்திரி நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகு அளந்து பாருங்கள். முதல் நனைப்பில் நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் சுருங்குவது சகஜம். நனைக்காமல் 50 என்று சீட்டுப் போட்ட கயிறு குகைக்குள் 48ஆகிவிடும், கீழே தரை தொடாது. அதனால்தான் அடிமுனையிலிருந்து அரை மீட்டர் விட்டு ஒரு தடுப்பு முடிச்சு கட்டாயம். நீளம், தடிமன், வாங்கிய வருஷம் மூன்றையும் சிறு காகிதத்தில் எழுதி, கண்ணாடி மாதிரியான, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் இரண்டு முனையிலும் போடுங்கள். எந்த முனை கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. தீக்குச்சி காட்டிச் சுருக்காதீர்கள், ஹேர் டிரையர் போதும்.

கயிற்றைச் சுருட்டிக் கட்ட வேண்டாம். முடிச்சுள்ள முனையை முதலில் பைக்குள் போட்டு, மீதியைக் கையால் திணித்துக்கொண்டே வாருங்கள். இறங்கும்போது சிக்கில்லாமல் தானாக வரும். 10 மில்லிமீட்டரில் 50 மீட்டர் காய்ந்த நிலையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நனைந்து சேறும் பிடித்தால் தூக்கிப் பார்த்துவிட்டு யார் சுமப்பது என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: கயிற்றைப் படகு எஞ்சின் அறையிலோ பேட்டரி வைத்த வண்டியிலோ போடவே கூடாது. பேட்டரி ஆசிட் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆள் ஏறினால் அறுந்துவிடும். சந்தேகம் வந்தால் வெட்டித் துண்டாக்கி மூட்டை கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி:

கீழக்கரை காக்கா (அண்ணன்) கயிற்றுக்குச் சொன்னது சரி. ஆள் சாமானுக்குச் சீட்டு எழுதுவது வேறு விஷயம். ஜெயின்டியா மலையில் கிரெம் லியாத் பிரா மாதிரி 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகைகள் இருக்கின்றன. பல குகைகளில் ஆறும் களிமண்ணும்தான் தரை. ஒரு மணி நேரத்தில் எல்லோருடைய சாமானும் ஒரே நிறம். எழுத்து தெரியாது. ஹெட்லைட்டில் நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே கையுறை போட்ட விரலுக்குத் தட்டுப்படும் அடையாளம் வேண்டும். ஒருவருக்கு ஒரு வளையம், அடுத்தவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு அகல வளையமும் ஒல்லி வளையமும். நிறம் போடுவதென்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளையோடு நிறுத்துங்கள்.

கேரபினரில் டேப் முதுகுப் பக்கம் மட்டும், கயிறு உரசும் வளைவில் வேண்டாம். கதவுப் பக்கம் ஒட்டினால் அது முழுதாக மூடாது. உப்புப் படிந்த உலோகத்தில் டேப் ஒட்டாது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டணும். அந்த ஸ்பிரிட்டும் மார்க்கரும் ஹார்னஸின் பாரம் தாங்கும் பட்டைப் பக்கமே போகக் கூடாது. சாமான் மாட்டும் வளையத்தில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டால் போதும். ஹெல்மெட் ஓட்டில் பெயிண்ட் அடிப்பது அழகுதான், அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கைப் பதம் பார்த்துவிடும். பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எல்லாம் உள் மெத்தையில். கம் பூட் எல்லோருக்கும் கறுப்புதான், மேல் விளிம்பின் உள்பக்கம் பெயர் எழுதுங்கள்.

மண்டபம்:

அகல வாய் பிளாஸ்டிக் டிரம் பற்றி யாரும் சொல்லவில்லை. ரப்பர் வளையம் வைத்த மூடி, 6 லிட்டர் அளவு, கேமரா, மருந்து, மாற்று பேட்டரிக்கு அதுதான் சரி. ஆனால் இங்கே இறுக்கி மூடிவிட்டு அங்கே திறந்தால் உள்ளே நனைந்திருக்கும். ஓட்டை எதுவும் இல்லை, நம்ம ஊர்க் காற்றில் இருந்த ஈரம்தான் குளிர்ந்து படிந்தது. ஒரு சொட்டு அளவுதான், லென்ஸை மங்கவைக்க அது போதும். மலையேறியதும் வெயில் அடிக்கும் உச்சிப்பொழுதில் திறந்து காற்றாடவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மறுபடி மூடுங்கள். மூடும் முன் ரப்பர் வளையத்தில் மணல் இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், ஒரு மணல் பரலே தண்ணீருக்கு வழிவிடும்.

லுங்கி, பருத்திப் பனியன் கேம்போடு சரி. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சும். குகைக்குப் பாலியஸ்டர் உள்ளாடை, மேலே ஃபிளீஸ் (கம்பளி மாதிரியான செயற்கைத் துணி).

ரயிலில் ஸ்லீப்பருக்கு 40 கிலோ வரை இலவசம். விமானத்தில் பெரும்பாலும் 15தான், கனமான உலோகத்தை ஆளாளுக்குப் பிரித்துப் போடுங்கள். கத்தி செக்-இன் பையில். மாற்று லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கையோடு மட்டும், ஒவ்வொரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி. ஆளுக்கு மூன்று விளக்கு என்பதால் பேட்டரிதான் அதிகம் சேரும், எந்த விளக்குக்கு எது என்று அந்த டேப்பின் மேலேயே எழுதிவிடுங்கள்.