சமத்துவத்தில் உலகில் 4ஆவது இடமா இந்தியாவுக்கு?

நொய்யல்: 2025 ஜூலையில மத்திய அரசே வெளியிட்ட செய்திங்க. உலக வங்கித் தரவுப்படி இந்தியாவோட கினி, அதாவது ஏற்றத்தாழ்வு அளவு (0ன்னா எல்லாரும் சமம், 100ன்னா எல்லாமே ஒருத்தன் கையில), 25.5. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் மூணுக்கும் அடுத்து நாமதான். சீனா 35.7, அமெரிக்கா 41.8. ஏழை பணக்காரன் இடைவெளின்னு இங்கே வருசக்கணக்கா ஒப்பாரி வைக்கறவங்க இப்ப வந்து பேசுங்க பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை: வந்துட்டேன். அந்த 25.5 வருமானக் கணக்கே இல்லை, வீட்டுச் செலவுக் கணக்கு. 2022-23இல் வீடு வீடாகப் போய் அரிசிக்கு எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதியது. அமெரிக்காவின் 41.8 வருமானத்தை வைத்துப் போட்டது. இரண்டையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவீர்கள்? கோடீஸ்வரன் எவ்வளவுதான் தின்பான்? மிச்சத்தை நிலமாகவும் பங்காகவும் போடுகிறான், அது செலவில் வராது. கூலிக்காரன் வாங்கினது மொத்தமும் மளிகைக்கடையில் தீர்ந்துவிடும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் தெரியத்தானே செய்யும்?

நொய்யல்: 25.5ன்னு சொன்னது உலக வங்கி. உங்க கணக்கை எந்த வங்கி சொல்லுச்சுங்க?

கணக்குப்பிள்ளை: அதே உலக வங்கிதான். 25.5 வந்த அதே குறிப்பில், தரவுக் குறையால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியலாம் என்று எழுதியிருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவகத்தின்படி வருமான கினி 2004இல் 52, 2023இல் 62 என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒன்றிய அரசுக்கு 25.5 கண்ணில் பட்டது, 62 படவில்லை.

மருதம்: புள்ளிவிவரத்தை விடுங்க சார். எங்க ஊர்ல நடவுக்கு ஆள் கிடைக்கல. நூறு நாள் வேலைக்குப் போனா மரத்தடியில உட்கார்ந்துட்டு வரலாம். வறுமை இருந்தா வயலுக்கு வர மாட்டாங்களா?

கணக்குப்பிள்ளை: 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் கூலி 319 ரூபாய். அதைவிடக் கூடக் கொடுத்தால் ஆள் வரும். மரத்தடி என்கிறீர்களே, கோடை வெயிலில் ஏரி தூர் வாரும் பெண்களைப் பார்த்ததுண்டா?

மருதம்: மூட்டை நெல் என்ன விலை போகுதுன்னு தெரியாதவங்க கூலியை ஏத்தச் சொல்றது சுலபம். நட்டம் எங்க தலையில.

அட்லாண்டாக்காரன்: இங்க அமெரிக்காவுல எல்லாரும் செழிப்பா இருக்கிற மாதிரி ஊர்ல ஒரு நினைப்பு. ஒன்றிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009ல இருந்து ஒரு காசு ஏறல. ஜார்ஜியா மாநிலச் சட்டத்துல இன்னும் 5.15தான். 2023ல அமெரிக்காவுல 100க்கு 11 பேர் ஏழைன்னு அரசே சொல்லுது. 41.8 நம்பக்கூடிய எண்தான்.

நொய்யல்: கேட்டுக்குங்க! அமெரிக்காவுல இருக்கறவரே ஒத்துக்கறார். 41.8 எங்கே, 25.5 எங்கே!

அட்லாண்டாக்காரன்: நான் 25.5ஐ ஒத்துக்கிட்டேன்னு எங்க சொன்னேன்? 2023ல நாலு பேர் குடும்பத்துக்கு இங்க வறுமைக்கோடு வருசம் சுமார் 31,000 டாலர். உலக வங்கி அந்தக் குறிப்புல தீவிர வறுமைக்கு வச்ச கோடு ஒரு ஆளுக்கு நாளைக்கு 2.15 டாலர், அதுவும் நாட்டுக்கு நாடு இருக்கிற விலைவாசி வித்தியாசத்துக்குச் சரிக்கட்டினது. இங்கத்த ஏழையும் அங்கத்த ஏழையும் ஒரே கணக்கு இல்ல.

மருதம்: அங்க ஏழையே கார்ல போறான்னு போன மாசம் நீங்கதானே எழுதினீங்க?

அட்லாண்டாக்காரன்: பஸ் இல்லாத ஊர்ல கார் வசதியில்லம்மா. அது இல்லாம வேலைக்கே போக முடியாது. பழைய பதிவை அரைகுறையாப் படிக்காதீங்க.

கணக்குப்பிள்ளை: ஊர்க் கதைக்குப் போய்விடாதீர்கள். அதே செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய், சத்தீஸ்கர் கிராமத்தில் 2,466. பாதிகூட இல்லை. அந்த வித்தியாசத்தில்தான் அதுபோன்ற ஊர்களிலிருந்து ரயிலேறி வந்து, நொய்யல், உங்கள் ஊரில் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறார்கள். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் மாதச் சம்பளக்காரர் 100க்கு 22 பேர்தான். 58 பேர் சொந்தத் தொழில். அதில் தள்ளுவண்டியும் உண்டு, வீட்டுக்கடையில் சம்பளமில்லாமல் நிற்கும் மனைவியும் உண்டு. இவர்களை எல்லாம் ஒரு 25.5க்குள் அடைத்து நாலாவது இடம் என்று மார் தட்டுவது அவர்களை அவமதிப்பது.

நொய்யல்: எங்க ஊரை இழுக்காதீங்க. இருபது பேருக்கு வேலை குடுக்கறவன் நான். வாரச் சம்பளம் ஒரு சனிக்கிழமையும் தப்புனதில்லைங்க. நீங்க எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?

கணக்குப்பிள்ளை: அந்த இருபது பேருக்கும் பி.எஃப். உண்டா, இஎஸ்ஐ உண்டா, அதைச் சொல்லுங்கள்.

நொய்யல்: வெங்காய விலை பேசினப்பவும் இப்படித்தான் ஆளைத் தாக்கினீங்க. அன்னைக்குக் கேட்டதுக்கே இன்னும் மன்னிப்பு வரலை.

கணக்குப்பிள்ளை: வெங்காயத்தில் நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஸ்லோவாக்கியாவின் எண் வருமானமா செலவா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நொய்யல்: முதல்ல மன்னிப்புங்க. அப்புறம் ஸ்லோவாக்கியா.