புதுப்பிப்பு: பிரித்து நட்ட கோன்ஃப்ளவர் என்ன ஆனது?

போன செப்டம்பர் தொடக்கத்தில், டொரொன்டோவில் எங்கள் வீட்டு வளவில் நின்ற நாலு வயதுக் கோன்ஃப்ளவர் (எக்கினேசியா என்னும் பூச்செடி) தூரைக் கிண்டி மூன்றாகப் பிரித்து நட்டதையும், மூன்றுமே வாடித் தொங்கியதையும் எழுதியிருந்தேன்.

இப்போது ஜூலை. இரண்டு தப்பி மொட்டு வைத்திருக்கின்றன. மூன்றாவது போய்விட்டது. குளிர்தான் கொன்றது என்று முதலில் நினைத்தேன். இல்லை, என் அவசரம். மண்வெட்டியால் ஒரே போடு போட்டதில் அந்தத் துண்டுக்குக் கிடைத்தது ஒற்றைக் குருத்தும் நாலைந்து வேரும்தான். மார்ச்சில் மண் உறைவதும் இளகுவதுமாக இருக்க, பிடிமானம் இல்லாமல் மேலே தள்ளப்பட்டு வேர் காய்ந்து கிடந்தது.

மற்ற இரண்டையும் பாண் வெட்டும் கத்தியால் (வீட்டில் ஏச்சு வாங்கியது தனிக்கதை) மூன்று நாலு குருத்தும் வேர்க்கொத்தும் சேர நிதானமாக அறுத்திருந்தேன். மே வரை ஒன்றும் தலைகாட்டவில்லை. கிண்டிப் பார்க்காமல் இருந்ததே பெரிய பாடு.

கோன்ஃப்ளவரில் பாலிடா என்ற இனத்தையும் இப்படிப் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். என்னுடையது பர்ப்யூரியா என்ற இனம், நார்வேர் விடுவது. பாலிடா ஆணிவேர் விடுவது, வெட்டினால் தாங்காது. விதையை இலையுதிர்காலத்திலேயே மண்ணில் தூவிவிடுங்கள், குளிர் பட்டால் நன்றாக முளைக்கும்.