வீட்டில கறண்ட் எங்க போகுது எண்டு அளந்து சொல்ல ஆக்கள் இருக்கினமோ? (இணுவில், யாழ்ப்பாணம்)

இணுவிலாள்

எல்லாருக்கும் வணக்கம். முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் பிறகு பிளாட் (கொங்கிறீற் தட்டுக் கூரை) போட்டுக் கட்டின ரெண்டு அறை. ஐஞ்சு பேர் இருக்கிறம். மாதம் 190 முதல் 230 யூனிற் வரை வருது. பிறிட்ஜ் ஒண்டு, சீலிங் ஃபான் மூண்டு (நாளுக்குப் பத்து மணித்தியாலம் மட்டில ஓடும்), 1 குதிரைவலு கிணத்து மோட்டர், 1000 லிட்டர் தாங்கி. தாங்கியை நாளுக்கு ரெண்டு தரம் நிரப்புறம், வீட்டுத்தோட்டமும் இருக்கு. ஏசி இல்லை. பிளாட் அறை இரவில அவியுது, அதுக்கு ஏசி போடுற யோசினை இருக்கு.

சோலர் போடுற ஆக்கள் வந்து பாத்திட்டு 5 கிலோவாட் வேணுமெண்டினம். அதுக்கு முதல் வீட்டை முழுசா அளந்து பாக்க விருப்பம். யாரைக் கூப்பிடலாம்? வாறவரிட்ட என்ன கேக்க வேணும்?

வாட்கணக்கு

சோலரைப் பிறகு பாருங்கோ. எங்கட வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிற் தரும். 5 கிலோவாட் எண்டால் மாதம் 600க்குக் கிட்ட. உங்கட பாவனை அதில மூண்டில ஒண்டுதான். பாவனையைக் குறைச்ச பிறகு வாற கணக்குக்குத்தான் பனல் போட வேணும். விக்க வாறவர் செய்யிற அளவீட்டை அளவீடா எடுக்காதேங்கோ.

நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை அங்கீகரிச்ச சக்திக் கணக்காய்வாளர்கள் இருக்கினம். ஆனா அவை பெரும்பாலும் தொழிற்சாலை, ஹொட்டல், பெரிய கட்டடம் பாக்கிற ஆக்கள். ஒரு வீட்டுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழும் கிளாம்ப் மீற்றரும் (வயரில கொழுவிக் கறண்ட் அளக்கிறது) மெகரும் (வயரின்ர காப்பை அளக்கிறது) வச்சிருக்கிற நல்ல எலக்ட்ரீசியன் காணும். அவர் வர முதல் முக்கால்வாசியை நீங்களே செய்யலாம், ஏனெண்டா நம்பகமான அளவுகருவி ஏற்கெனவே உங்கட சுவரில கிடக்கு.

மின்சாரசபை மீற்றரில சின்னச் சிவப்பு லைற் ஒண்டு மினுங்கும். ஒரு யூனிற்றுக்கு எத்தனை மினுக்கம் எண்டு பக்கத்தில அச்சடிச்சிருக்கும்: 1000, 1600, 3200 எண்டு மீற்றருக்கு மீற்றர் மாறும். 1600 எண்டால் 2250ஐ ரெண்டு மினுக்கத்துக்கு இடையில போன விநாடியால பிரியுங்கோ, அந்த நேரம் ஓடுற வாட் வரும். 1000 எண்டால் 3600ஐ, 3200 எண்டால் 1125ஐ அதே மாதிரிப் பிரிக்க வேணும். வேகமா மினுங்கினா பத்து மினுக்கத்தின்ர நேரத்தை எடுங்கோ, ஒண்டை எடுத்தால் கை பிந்திப் பிழை வரும். தட்டுச் சுத்துற பழைய மீற்றர் எண்டால் ஒரு யூனிற்றுக்கு எத்தனை சுற்று எண்டதை வச்சு இதே கணக்குத்தான். மீற்றரின்ர சீலில மட்டும் கை வைக்கக் கூடாது.

முதல்ல எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, பிறிட்ஜ் பிளக்கையும் கழட்டுங்கோ, மெயின் சுவிச் மட்டும் போட்டபடி இருக்கட்டும். அதுக்குப் பிறகும் மினுங்கினா ஏதோ எடுத்துக்கொண்டு நிக்குது. பிரேக்கரை ஒவ்வொண்டா இறக்க, எதை இறக்கேக்க மினுக்கம் நிக்குதோ அந்த மின்சுற்றிலதான் அது. பிறகு மோட்டரை மட்டும் போட்டு அளவுங்கோ.

பிறிட்ஜை மட்டும் இப்பிடி அளக்க ஏலாது. கொம்பிரசர் போறதும் நிக்கிறதுமா இருக்கும். பனி படியாத வகை எண்டால் இடைக்கிடை உள்ளுக்க ஹீற்றரும் வேலை செய்யும். அதுக்குப் பிளக்கில போடுற வாட் மீற்றர் ஒண்டை வாங்கி முழுசா 24 மணித்தியாலம் விட வேணும். கடையில கிடைக்கிறது அனேகமா 13 அம்பியர் சதுர ஊசி. ஓட்டு வீட்டுப் பக்கம் பழைய உருண்டை ஊசி பிளக் பொயின்றா இருக்கலாம். அடப்டர் போட்டு பிறிட்ஜை அளக்கலாம், மோட்டரையோ ஹீற்றரையோ அதில போடாதேங்கோ, அடப்டர் உருகும். நாளுக்கு 1.2 யூனிற்றுக்கு மேல போனா முதல்ல கதவு ரப்பரைப் பாருங்கோ: ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில வச்சுச் சாத்தி இழுத்தால் இறுக்கமா வர வேணும். சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தால குளிர் போகுது.

எலக்ட்ரீசியன் வந்தால் ரெண்டு விசயத்தைக் கவனியுங்கோ. கிளாம்ப் மீற்றரை ஒரு வயரில மட்டும் கொழுவ வேணும், ரெண்டு வயரையும் சேத்துக் கொழுவினா பூச்சியம்தான் காட்டும். 5 அம்பியர் காட்டினால் உடன 1150 வாட் எண்டு எழுதவும் கூடாது. மோட்டருக்கு பவர் பாக்டர் (எடுக்கிற கறண்டில உண்மையா வேலைக்குப் போற பங்கு) 0.8 எண்டால் அது 920 வாட். மீற்றர் காசு கேக்கிறது வாட்டுக்கு. மெகரால 500 வோல்ற்றில வயரின்ர காப்பை அளந்து 1 மெகாஓமுக்கு மேல வருதோ எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. அளக்க முதல் எல்லாப் பிளக்கையும் கழட்ட வேணும், இல்லாட்டி ரிவி, ரவுட்டர் எல்லாம் பழுதாகும்.

கட்டணப்பட்டியல்

ஒரு சின்னச் சேர்க்கை. எங்கட வீட்டுக் கட்டணம் படிமுறை: 60, 90, 120, 180 யூனிற்றில விலை மாறும். 180ஐத் தாண்டின யூனிற்றுக்குத்தான் ஆகக் கூடின விலை, நிலைக் கட்டணமும் ஏறும். உங்களுக்கு முதல் குறைக்கிற 30, 40 யூனிற்றில வாற காசு அதுக்குப் பிறகு குறைக்கிற எதிலயும் வராது. பில்லுகளை ஒப்பிடேக்க மாதத்தைப் பாராமல் நாளைப் பாருங்கோ. மீற்றர் பாக்கிறவர் 34ஆம் நாள் வந்தால், 30 நாளுக்கு 180 எண்ட எல்லை 204 ஆகும். யூனிற்றை நாளால பிரிச்சு ஒரு வருசத்துக்கு எழுதி வையுங்கோ. பங்குனி, சித்திரையில ஏறினா ஃபான். ஆடி, ஆவணி வறட்சியில ஏறினா மோட்டர்.

சோளகம்

பிளாட் அறைக்கு ஏசி போட முதல் தட்டைப் பாருங்கோ. கொங்கிறீற் பகல் முழுக்கக் குடிச்ச சூட்டை இரவில கீழ விடும், அதுதான் வெளியில காத்து அடிக்கேக்கயும் உள்ளுக்க அவியுது. பின்னேரம் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தட்டின்ர அடிப்பக்கச் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால அளவுங்கோ. இரவு 8 மணிக்கும் அறைக் காத்தைவிட 4, 5 பாகை கூட இருந்தால் பிரச்சினை கூரையில. இந்தக் கருவி பளபளக்கிற தகரத்திலயும் அலுமினியத் தாளிலயும் பிழையாக் காட்டும். பூச்சுள்ள சுவர், தட்டுக்குச் சரி.

யாழ்ப்பாணத்தில சூரியன் வருசத்தில ரெண்டு தரம், ஏப்ரல் நடுப்பகுதியிலயும் ஆகஸ்ட் கடைசியிலயும், நேர் உச்சியில வரும். சுவரைவிடக் கூரை கூடச் சூடு வாங்கிற இடம் இது. தட்டுக்கு வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு ரெண்டு தரம் அடியுங்கோ. அதுக்கு முதல் பாசியைச் சுரண்டி, வெடிப்பை அடைச்சு, நல்லாக் காய விட வேணும். ஈரத்தில அடிச்சால் அடுத்த மாரியோட தோல் மாதிரி உரியும். தூசி படிஞ்சு மங்கினால் பலன் குறையும், வருசத்தில ஒருக்கா கழுவுங்கோ.

ஓட்டுப் பக்கம் சீலிங் இருந்தால் ஓட்டுக்குக் கீழ அலுமினியத் தாள் அடிக்கலாம். பளபளக்கிற முகம் கீழ்நோக்கி இருக்க வேணும், அதுக்குக் கீழ ஒரு அங்குலமாவது காத்து இடைவெளி வேணும். மேல்நோக்கி இருந்தால் தூசி படிஞ்சு வேலை செய்யாது. இதை வாசிக்கிற ஆருக்கும் அஸ்பெஸ்டஸ் சீற் கூரை எண்டால் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்க போனா திரும்பி வராது.

வெளிநாட்டுக் காணொளிகளில வாசலில ஃபான் கட்டிக் காத்துக் கசிவு பாக்கிறாங்கள். சுவரின்ர மேல்பக்கத்தில காத்துத் துவாரம் வச்சுக் கட்டின வீட்டுக்கு அது தேவையில்லை. ஏசி போடுற அறையில மட்டும் துவாரத்தை அடைக்க வேணும். மற்ற அறையளில அடைச்சால் சோளகக் காத்தையும் சேத்து அடைக்கிறீங்கள்.

இணுவிலாள்

எல்லாருக்கும் நன்றி. மீற்றர் 1600. எல்லாம் நிப்பாட்டி பிறிட்ஜும் கழட்டின பிறகு 45 விநாடிக்கு ஒருக்கா மினுங்குது. வெளிச் சுற்றின்ர பிரேக்கரை இறக்க நிண்டிட்டுது. மோட்டரை மட்டும் போட பத்து மினுக்கத்துக்கு 21 விநாடி, தாங்கி நிரம்ப 50 நிமிசம். பிறிட்ஜ் 24 மணித்தியாலத்துக்கு 1.3. இது கசிவோ? ட்ரிப் சுவிச் விழேல்லை.

வாட்கணக்கு

45 விநாடி எண்டால் 50 வாட், மாதம் 36 யூனிற். மோட்டர் 1070 வாட், 50 நிமிசத்துக்கு 0.9 யூனிற், ரெண்டு தரம் எண்டால் மாதம் 54. இந்த ரெண்டும் மட்டும் உங்கட பில்லில பாதிக்குக் கிட்ட.

1 குதிரைவலு மோட்டர் 1000 லிட்டரைச் சாதாரண வீட்டுத் தாங்கி உயரத்துக்கு 20, 25 நிமிசத்தில ஏத்த வேணும். ஓடுற வாட் சரியாத்தான் இருக்கு, தண்ணிதான் வரேல்லை. அப்ப பிழை உறிஞ்சுற பக்கம் அல்லது பம்புக்குள்ள. தாங்கியில விழுற தண்ணியில குமிழி கலந்து வந்தால் உறிஞ்சு குழாயின்ர மூட்டில காத்து இழுக்குது. ஒவ்வொரு முறையும் தண்ணி ஊத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின்ர அடியில தண்ணி திரும்பி இறங்காமல் பிடிக்கிறது) ஒழுகுது. ரெண்டும் இல்லாட்டி வால்வின்ர சல்லடையில இலை, பாசி அடைச்சிருக்கும். எங்கட சுண்ணாம்புத் தண்ணிக்குக் குழாயும் இம்பெல்லரும் (பம்புக்குள்ள சுழலுற சக்கரம்) உள்ளால கல்லுப் பிடிக்கும், கழட்டிப் பாத்தால் தெரியும். வால்வு கிணத்தடியில இருந்து ஒரு அடி மேல நிக்கட்டும், இல்லாட்டிச் சேறு இழுக்கும். உறிஞ்சு குழாய் பம்பின்ர வாயைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. கோடையில நீர்மட்டம் மோட்டருக்கு 7 மீற்றருக்குக் கீழ போனால் மேல வச்ச சாதாரணப் பம்ப் ஒழுங்கா இழுக்காது, மோட்டரைக் கிணத்துக்குள்ள தட்டு வச்சு இறக்க வேணும். தாங்கிக்கு மிதவைச் சுவிச் இல்லாட்டி அதையும் போடுங்கோ.

ஃபானுக்கு அவசரமில்லை. பழசு 75 வாட், பி.எல்.டி.சி. (பிறஷ் இல்லாத, கறண்ட் குறைச்சு எடுக்கிற மோட்டர்) வகை 30 வாட். மூண்டையும் மாத்தினால் உங்கட பாவனைக்கு மாதம் 40 யூனிற். பழுதாகப் பழுதாக மாத்தலாம். பிறிட்ஜுக்கு ரப்பர் மாத்தினால் காணும்.

ட்ரிப்சுவிச்

அந்த 50 வாட்டைப் பற்றி. நிலத்துக்குக் கசியிறதா இருந்தால் 50ஐ 230ஆல பிரிக்க 217 மில்லி அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியரிலயே விழ வேணும். விழேல்லை எண்டால், ட்ரிப் சுவிச் பழுதில்லாட்டி, ரெண்டு வழிதான். ஒண்டு, அது கசிவில்லை, சாமான்: கமரா ரெக்கோடர், கேற் லைற்றின்ர டிரான்ஸ்போர்மர், அன்ரெனா பூஸ்ற்றர். பிறிட்ஜ் கழட்டேக்க இதுகளை ஆரும் நினைக்கிறேல்லை. மற்றது, பிளாட் கட்டேக்க வெளிச் சுற்றை ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலயே எடுத்திருக்கினம்.

பிரிச்சறியிறது சுகம். வெளி லைற்றைப் போட்டுக்கொண்டு ட்ரிப் சுவிச்சின்ர சோதனைப் பொத்தானை அமத்துங்கோ. வீடு அணையேக்க வெளி லைற்றும் அணைஞ்சால் சாமானைத் தேடுங்கோ. அது எரிஞ்சுகொண்டு நிண்டால் அந்தச் சுற்றுக்குப் பாதுகாப்பே இல்லை, பிரேக்கரை இறக்கி வச்சிட்டு அண்டைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கோ. கிணத்து மோட்டரும் அதே சுற்றிலயோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ. ஈரக் காலோட நிண்டு போடுற சுவிச் அது.