நேப்பிள்ஸ் ரகசிய அறையும் பொம்பெயியும்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

தெப்பக்குளம்:
இத்தாலியில் வெசுவியஸ் எரிமலையால் புதைந்த பொம்பெயி, ஹெர்குலேனியம் என்ற ரோமானிய ஊர்களில் கிடைத்த பாலுறவுச் சிற்பங்களையும் ஓவியங்களையும் தனியே வைத்திருக்கும் இடம்தான் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தின் ரகசிய அறை. வெளியில் தனியாக உட்கார முடியாது என்று மாமியாரும் உடன் வந்துவிட்டார். ஹெர்குலேனியத்தில் கிடைத்த வெண்கல மணித்தொங்கல் ஒன்றின் முன்னால் அவர் நின்றார். அதில் ஒரு கிளாடியேட்டர், அதாவது அரங்கில் சண்டையிடும் வீரன், கத்தியை ஓங்குகிறான். அவன் வெட்ட முனைவதோ தன்னுடைய ஆண்குறியைத்தான், ஏனெனில் அதன் முனை சிறுத்தையாக மாறி அவன் மீதே பாய்கிறது. கீழே சின்னச் சின்ன மணிகள் தொங்குகின்றன. நான் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவரோ நிதானமாக, "கண்ணு படக் கூடாதுன்னு வாசல்ல கட்டியிருப்பாங்க மாப்பிள்ளை, நாம பூசணிக்காய் கட்டுற மாதிரி" என்றார். குழந்தைகளையும் வெற்றி ஊர்வலம் வரும் தளபதிகளையும் பொறாமையிலிருந்து காப்பது ஆண்குறி உருவமே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதைப் பின்னர் படித்தேன். 1819-இல் மனைவியோடும் மகளோடும் வந்த, நேப்பிள்ஸை ஆண்ட அரச குடும்பத்தின் இளவரசர் பிரான்சிஸ் இவற்றையெல்லாம் பூட்டி வைக்கச் சொன்னார். அறை பொதுமக்களுக்கு முறையாகத் திறந்தது 2000-இல்தான். இளவரசருடன் என் மாமியார் போயிருந்தால் பூட்டுச் செலவு மிச்சமாகியிருக்கும்.

நடைவாசி:
எனக்கு மறக்காதது பொம்பெயியின் விலைமாதர் விடுதிதான். கீழ்த்தளத்தில் ஐந்து சிற்றறைகள், ஒவ்வொன்றிலும் கல்லால் கட்டிய கட்டில், கதவுகளுக்கு மேலே ஓவியங்கள், மாடிப்படியின் அடியில் கழிப்பிடம் என்று அவ்வளவுதான் இடம். ஓவியங்களைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடித்தது. சுவரில் வாடிக்கையாளர்களும் பெண்களும் கீறிவைத்த எழுத்துகளை யாரும் பொருட்படுத்தவில்லை. இதே ஊரில் வேறொரு சுவரில், "படுக்கையில் மூத்திரம் பெய்துவிட்டோம், தவறுதான், ஏனென்று கேட்டால் அறையில் சட்டி இல்லை" என்று தங்கும் விடுதிக்காரனுக்குச் செய்யுளாகவே எழுதி வைத்திருக்கிறான் ஒருவன். விலைமாதர் விடுதிக்கு வழி கண்டுபிடிப்பது எளிது என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். தெருக்கல்லில் செதுக்கிய ஆண்குறி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதுமாம்.

கல்தச்சன்:
நடைவாசி அவர்களே, வழிகாட்டிகள் அனைவரும் சொல்லும் இந்தக் கதையை இனியாவது விட்டுவிடலாம். அதே உருவம் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்புக்கு மேலேயும் இருந்தது. "இங்கே நற்பேறு குடியிருக்கிறது" என்று அதைச் சுற்றி எழுதியிருந்தார்கள். ரொட்டி சுடும் இடத்தில் யாருக்கு என்ன வழி காட்டினார்கள் என்று உங்கள் வழிகாட்டியைக் கேளுங்கள். நானும் அந்தத் தெருக்கல்லில் காலை வைத்து, அது காட்டிய திசையில் நடந்து, ஒரு சுவரில் போய் முட்டினேன். என் அனுபவம் அவ்வளவே.

மூக்குக்கண்ணாடி:
பாதி ஆட்டு உருவம் கொண்ட கிரேக்கத் தேவன் பானும் பெண் ஆடும் கூடியிருக்கும் பளிங்குச் சிலை, 1752-இல் ஹெர்குலேனியத்தில் தோண்டியெடுத்தது, என் மகன் கண்ணில்தான் முதலில் பட்டது. "ஆட்டோட முகத்தைப் பாருப்பா, சிரிக்குது" என்றான், நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் ரகசிய அறைக்குள் போகலாம். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை என்றாலும் அன்று போகாதீர்கள், கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. பொம்பெயியில் நிழல் மிகக் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், காலணி தட்டையாக இருக்கட்டும், அந்தத் தெருக்கற்கள் கணுக்காலை முறித்துவிடும். விலைமாதர் விடுதியை வாசல் திறந்ததும் முதலில் பார்த்துவிட வேண்டும். பொம்பெயிச் செல்வந்தர்களான வெட்டியர்களின் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். நெடுநாள் சீரமைப்புக்குப் பிறகு 2023-இல் திறந்திருக்கிறார்கள். வாசலிலேயே கருவளக் கடவுள் பிரியாபஸ் தன் உறுப்பைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் பண மூட்டையை வைத்து எடை போடுகிறார். பிள்ளைகளின் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது.

யட்சி:
நீங்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதே ரகசிய அறையில், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில், தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் ஒருத்தி நிற்கிறாள். 1938-இல் பொம்பெயி வீடொன்றில் கண்டெடுத்தார்கள், கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்பே கடல் கடந்து போனவள். கை நிறைய வளையல், கால் நிறையத் தண்டை, இருபுறமும் இரண்டு குட்டித் தோழிகள், தலை உச்சியில் ஒரு துளை. கண்ணாடியின் கைப்பிடியாகவோ மரச்சாமானின் காலாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். அவளுக்கு லட்சுமி என்று பெயர் வைத்திருப்பதும் பொருந்தவில்லை. மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் கிடைத்த தந்த உருவங்களின் சாயலில் இருக்கும் அவளைப் பலர் இயற்கை வளத்தின் பெண் தெய்வமான யட்சி என்றே கொள்கிறார்கள், என் கருத்தும் அதுதான். மேலாடை இல்லை என்பதற்காக ஆட்டோடு கூடும் தேவனுக்கு அண்டை வீட்டுக்காரியாக அவளை வைத்திருக்கிறார்கள். சாஞ்சியின் தோரண வாயிலில் இதே கோலத்தில் நிற்கும் பெண்களைக் கடந்துதான் பிட்சுகள் ஸ்தூபிக்குப் போனார்கள். மிளகும் முத்தும் போன வாணிகத்தைப் பற்றிய கூடத்தில் அவளை வைத்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு அவள் யார் என்பதாவது விளங்கியிருக்கும்.