பிரிட்டனுக்கு வந்தபின் இந்திய வீட்டு வாடகையும் வரியும் வைப்பு நிதியும்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். வேலை நிமித்தம் 2025 ஆகஸ்டு 20 அன்று இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் பிரிட்டனில் குடியேறினேன். இந்தியாவில் எனக்குள்ள ஒரே வீடு மூன்று ஆண்டுகளாக மாதம் 28,000 ரூபாய் வாடகையில் இருக்கிறது. அதன்மேல் கடன் ஏதுமில்லை. வாடகை இன்றுவரை என் பழைய சேமிப்புக் கணக்கிலேயே விழுகிறது. சென்ற வாரம் முகவரியை மாற்ற வங்கியைத் தொடர்புகொண்டபோதுதான், அந்தக் கணக்கை நான் அப்படியே வைத்திருக்கக் கூடாது என்றும், வாடகைதாரர் எனக்குத் தரும் பணத்தில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவரோ மாதத்தின் முதல் தேதியிலேயே முழுத்தொகையையும் தவறாமல் அனுப்பிவிடுகிறவர். என்னால் அவருக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஏப்ரல் முதல் புறப்படும் வரை இந்தியாவில் நான் பெற்ற சம்பளம் 4,80,000 ரூபாய். நிறுவனம் அதில் வரி எதுவும் பிடிக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த ஊழியர் வருங்கால வைப்பு நிதியும், 2031இல் முதிரும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 6 லட்சமும் இருக்கின்றன. இங்கே என் சம்பளம் 20 விழுக்காட்டு வரி அடுக்குக்குள் அடங்குகிறது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு வெளிநாட்டு வருமானத்தின்மீது நான்கு ஆண்டு விலக்கு உண்டு, அதைக் கோரிவிட்டால் இந்திய வாடகையை மறந்துவிடலாம் என்று இங்குள்ள ஆலோசகர் ஒருவர் சொல்கிறார். இது சரியா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1

வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற வேலை. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வேலைக்காகக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். எனவே பழைய கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்றச் சொல்லுங்கள். வாடகை அதில்தான் வரவு வைக்கப்பட வேண்டும். அங்கிருந்து பணத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுவரவும் வழி உண்டு: ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை உரிய படிவங்களுடன் அனுப்பலாம்.

வருமான வரிச் சட்டம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. அது நோக்கத்தைப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அவர் அந்த ஆண்டு முழுவதற்கும் வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 20 வரை 142 நாட்கள்தான் ஆகின்றன. இதனால் பிரிட்டன் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது நல்ல செய்தி. கெட்ட செய்தியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே வராமல் செய்யும் தள்ளுபடி, இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் நிறுவனம் அதை நம்பித்தான் வரி பிடிக்காமல் விட்டிருக்கும்.

புதிய வரி முறையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 4,05,000. ஆண்டு வாடகை 3,36,000இல் 30 விழுக்காடு கழித்தால் 2,35,200. ஆக மொத்தம் 6,40,200. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, எஞ்சியதற்கு 5 விழுக்காடு, அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை என்றால் ஏறக்குறைய 12,490 ரூபாய் வரி வருகிறது. இந்தியாவிலேயே இருந்திருந்தால் இதே வருமானத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டீர்கள்.

வாடகைதாரர் விஷயத்தில் வங்கி சொன்னது சரி. உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தரும் தனிநபர், மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் வாடகைக்கு அப்படிப்பட்ட வரம்பே கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 195ஆம் பிரிவுப்படி, தீர்வையும் சேர்த்து 31.2 விழுக்காட்டை, அதாவது 28,000இல் 8,736 ரூபாயைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் வரி பிடிப்பவருக்கான டான் எண் பெற்று, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டி, காலாண்டுதோறும் 27க்யூ அறிக்கை தாக்கல் செய்து, உங்களுக்கு 16ஏ சான்றிதழ் தர வேண்டும். மாத வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின்மீது சட்டம் இவ்வளவு சுமையை ஏற்றுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஆகவே டான் விண்ணப்பம், அறிக்கை ஆகியவற்றுக்கான ஆடிட்டர் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்வதுதான் முறை.

கேட்டவர்

மிக்க நன்றி. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதங்கள் பிடிக்காமல் விட்ட 43,680 ரூபாயை என்ன செய்வது? முன்கூட்டிய வரியும் கட்ட வேண்டுமா?

மறுமொழி 1 எழுதியவர்

பிப்ரவரி, மார்ச் வாடகைகளில் அவர் பிடிக்கத் தொடங்கினாலே 17,472 ரூபாய் உங்கள் பெயரில் கட்டப்பட்டுவிடும். அது உங்கள் மொத்த வரியைவிட அதிகம் என்பதால் முன்கூட்டிய வரி என்ற கேள்வி எழாது. கடந்த மாதங்களுக்கோ, பிடிக்கத் தவறிய தொகைக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி அவர்மீது ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 2026 ஜூலை 31க்குள் இந்த வாடகையையும் காட்டி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, வரி முழுவதும் செலுத்தப்பட்டிருந்தால், ஆடிட்டர் அளிக்கும் 26ஏ சான்றிதழைக் கொண்டு அவர் தவறியவர் என்ற நிலையிலிருந்து விடுபடலாம். அதுவரையிலான வட்டியை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். அந்த வட்டியை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த நிதியாண்டில் உங்களுக்கு இந்தியச் சம்பளம் இல்லை. வாடகையில் கழிவு போக மிஞ்சுவது 4 லட்சத்துக்கு வெகு கீழே நிற்பதால் வரியே வராது. எனவே பிடித்தம் குறைவாகவோ, அறவே இல்லாமலோ இருக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். பழைய சட்டத்தில் இது படிவம் 13. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். சான்றிதழ் அந்தந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஆண்டுதோறும் புதிதாகப் பெற வேண்டும்.

மறுமொழி 2

பிரிட்டன் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆலோசகர் சொன்ன விலக்கு 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. குடியேறுவதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனில் வசிக்காதவருக்கு, குடியேறிய முதல் நான்கு வரி ஆண்டுகளில் அது கிடைக்கும். ஆனால் எந்த ஆண்டில் அதைக் கோருகிறீர்களோ, அந்த ஆண்டில் வரியற்ற அடிப்படை வரம்பான 12,570 பவுண்டை இழந்துவிடுவீர்கள். 20 விழுக்காட்டு அடுக்கில் அதன் விலை 2,514 பவுண்டு.

எதைக் காப்பாற்ற இந்த விலையைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டு வாடகை சுமார் 2,921 பவுண்டு. இந்தியா தரும் 30 விழுக்காட்டுக் கழிவு இங்கே செல்லாது. உண்மையான செலவுகளைக் கழிக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக 1,000 பவுண்டு சொத்து வருமான விலக்கை எடுத்துக்கொள்ளலாம். பின்னதை எடுத்தால் 1,921 பவுண்டுக்கு 20 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 384 பவுண்டுதான் வரி. 384ஐத் தவிர்க்க 2,514ஐக் கொடுப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாகிவிடும். வெளிநாட்டு வருமானம் பெருந்தொகையாக உள்ளவர்களுக்கே இந்த விலக்கு பொருந்தும். எனினும் அதை ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாகவே கோர வேண்டும் என்பதால், 2029 ஏப்ரல் 5க்குள் வீட்டையோ மியூச்சுவல் ஃபண்டுகளையோ நல்ல லாபத்தில் விற்பதாக இருந்தால், அந்த ஆண்டில் மட்டும் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் பிடிக்கப்பட்ட 31.2 விழுக்காடு முழுவதையும் இங்கே கட்டும் வரியில் கழிக்கும்படி வரவு கேட்க முடியாது. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, இந்தியாவில் இறுதியாகக் கட்ட வேண்டிய வரிக்கு மட்டுமே வரவு கிடைக்கும். திரும்பப் பெறக்கூடிய தொகையை இந்தியாவில்தான் கேட்டுப் பெற வேண்டும். அங்கே கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்கள் இரண்டு நாட்டிலும் வரி கட்டி முடிப்பது இப்படித்தான். இங்கே 2026 அக்டோபர் 5க்குள் சுய மதிப்பீட்டுக்குப் பதிவு செய்து, 2027 ஜனவரி 31க்குள் இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். வந்த ஆண்டு என்பதால், வருகைக்கு முன், பின் என ஆண்டைப் பிரித்துப் பார்க்கும் பிரிந்த ஆண்டுச் சலுகை பொருந்தும்; புறப்படும் முன் பெற்ற இந்தியச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது.

மறுமொழி 3

ஓய்வுக்கால நிதி பற்றி மட்டும் சொல்கிறேன். பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். அதன்பின் நீட்டிக்க முடியாது, புதிய கணக்கும் தொடங்க முடியாது. இந்தியாவில் அதன் வட்டிக்கு வரி இல்லை. பிரிட்டன் அந்த விலக்கை ஏற்பதில்லை. இருந்தாலும் 7.1 விழுக்காட்டில் உங்கள் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 42,600 ரூபாய்தான் வருகிறது. அடிப்படை அடுக்கில் இருப்பவருக்கு 1,000 பவுண்டு வரையிலான வட்டிக்கு வரி இல்லாததால் அது அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஊழியர் வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் மறந்துவிடவும் வேண்டாம். ஐந்து ஆண்டுத் தொடர் பணியை நீங்கள் கடந்துவிட்டதால், எடுக்கும்போது அசலுக்கு இந்தியாவில் வரி இல்லை. வேலையை விட்டபின் சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர் 36 மாதங்களுக்குள் கோராவிட்டால் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும். ஆதாரோடு இணைந்த இந்தியக் கைபேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அது போய்விட்டால் ஓடிபி வராமல் நீங்கள் படும் பாடு, வரிச் சட்டம் படுத்தும் பாட்டைவிடப் பெரிது. வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டப் பகுதியில் பத்து ஆண்டு நிறையாததால் பணமாக எடுக்கலாம். திரும்பி வரும் எண்ணமிருந்தால் திட்டச் சான்றிதழ் வாங்கிப் பணிக்காலத்தைக் காத்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் நிறுவன ஓய்வூதியத்திலிருந்து விலகாதீர்கள். தகுதியுள்ள சம்பளத்தில் குறைந்தது 8 விழுக்காடு சேர்கிறது. அதில் குறைந்தது 3 நிறுவனத்தின் பங்கு, விலகினால் அது போய்விடும். பொதுவாக 2028 ஏப்ரல் முதல் 57 வயதுக்கு முன் அதைத் தொட முடியாது என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்துத் தகுதி ஆண்டுகள் தேவை. அதைப் பெற்றுக்கொண்டு இந்தியாவில் வசித்தால், ஆண்டுதோறும் பிரிட்டனில் தரப்படும் உயர்வு உங்களுக்குச் சேராது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. என்ஆர்ஓ மாற்றத்துக்கு நேற்றே விண்ணப்பித்துவிட்டேன். வாடகைதாரரிடம் பேசினேன், டான் விண்ணப்பத்தை என் ஆடிட்டரே செய்து தருவார் என்றும், வட்டி என் பொறுப்பு என்றும் சொன்னபின் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி வாடகையில் பிடித்தம் தொடங்கும். நான்காண்டு விலக்கைக் கோரப் போவதில்லை என்று ஆலோசகருக்கு எழுதிவிட்டேன். 12,570 பவுண்டு வரம்பைப் பற்றி நான் கேட்டதற்கு அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.