ஸ்பிரிங்க்லர் வைத்துவிட்டால் ஒயரிங்கில் சிக்கனம் பார்க்கலாமா?

கேள்வி

வணக்கம். நாங்கள் கட்டிவரும் மாடி வீட்டில் மேல்தளக் கான்கிரீட் போடும் நாள் நெருங்கிவிட்டது. ஒயர் செல்லும் கான்ட்யூட் பைப்புகளை அதற்கு முன்பே பதிக்க வேண்டும் என்பதால், ஒயரிங் பற்றி இந்த வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். எல்லா அறைகளிலும் ஸ்பிரிங்க்லர் (தண்ணீர் தெளிப்பான்) வைத்துவிட்டால் எங்கே தீப்பிடித்தாலும் தண்ணீர் கொட்டி அணைத்துவிடும், ஒயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டில், கீசர் பிளக் செருகும் சாக்கெட் பழுப்பேறி, ஒரு துளையைச் சுற்றி உருகியே போய்விட்டது. மின்னோட்டத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் ஒருமுறைகூட விழவில்லை. இது எப்படி நடந்தது? ஒரு ஸ்பிரிங்க்லர் திறந்தால் எல்லாமே திறந்து வீட்டை வெள்ளமாக்கிவிடும் என்பதும் உண்மையா?

மறுமொழி 1

நான் ஒயரிங் வேலை செய்பவன். உங்கள் எம்சிபி பழுதாகியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, அந்த ஓர் இடத்தில் மின்தடை மட்டும் கூடுகிறது. 15 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால், அங்கே 22.5 வாட் வெப்பம் உருவாகும். ஏறத்தாழ ஒரு சிறிய சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் வைத்து மூடியதற்கு அது சமம். பிளாஸ்டிக் மெல்லக் கரியாகி, அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும்போது பொறி பறக்கும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் இதைக் காணாது. எர்த்துக்குக் கசிவு ஏற்பட்டால்தான் அது துண்டிக்கும்.

ஆகவே ஒயரின் தரத்தைவிட முனைகளைக் கட்டும் விதமே முக்கியம் என்பது என் அனுபவம். கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்துவிட்டு, திருகுக்குள் பாதி இழைகளை மட்டும் செருகி இறுக்கிவிட்டுப் போனவர்களின் வேலையை நான் பலமுறை சரிசெய்திருக்கிறேன். பைப்புக்குள் இணைப்பே கூடாது. திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில்தான் அது இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை நான் இணைப்பாகவே கருதுவதில்லை. சாதாரண பிவிசி உறையின் வெப்ப வரம்பு 70 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், ஒரே பைப்பில் ஒயர்களை அடைத்துத் திணிப்பதும் தவறு. என்னைக் கேட்டால், ஸ்பிரிங்க்லருக்கான பணத்தை இதற்கே செலவிடலாம்.

மறுமொழி 2

முந்தைய பதிலின் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். ஒயரிங் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெயும், அணைக்காத சிகரெட்டும், திரைச்சீலைக்கு அருகில் ஏற்றிய மெழுகுவர்த்தியும் அதைக் கேட்டுக்கொண்டு தீப்பிடிப்பதில்லை.

எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும் என்பது திரைப்படங்கள் பரப்பிய கற்பனை. ஒவ்வொரு ஸ்பிரிங்க்லர் தலையிலும் (தண்ணீர் தெளிக்கும் முனை) திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் உண்டு. சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடையும். உடைந்த தலை மட்டுமே தண்ணீர் தெளிக்கும். வெறும் புகைக்கு அது அசையாது. வீடுகளுக்கென 1975ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 13டி, பொதுவாக 10 நிமிடத்துக்கான தண்ணீரைத்தான் கேட்கிறது. அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதைத் தடுத்து, உள்ளே இருப்பவர்கள் வெளியேற அவகாசம் தருவதே அதன் முதன்மை நோக்கம்.

ஆனால் உங்கள் உறவினர் கவனிக்காத ஒன்று உண்டு. அறைக்குள் இருக்கும் ஸ்பிரிங்க்லரின் தண்ணீர், சுவருக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ புகையும் ஒயரை எட்டாது. மெத்தை மெதுவாகப் புகைந்தாலும், குமிழ் உடையும் அளவு வெப்பம் சேர்வதற்குள் தூங்குபவர் மயங்கிவிடக்கூடும். ஆகையால் படுக்கையறைகளிலும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் கட்டாயம் வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும். பெயின்ட் அடிப்பவரிடம் ஸ்பிரிங்க்லர் தலையைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் குமிழின் மீது பெயின்ட் படிந்தால் அது திறக்கத் தாமதமாகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கீசரை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. புதுச் சாக்கெட் மாற்றும்வரை அதை இயக்கப்போவதில்லை. இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்துவிட்டோம். ஸ்பிரிங்க்லர் குழாயைத் தளத்துக்குக் கீழே பிறகு பொருத்தலாம் அல்லவா?

மறுமொழி 1

பொருத்தலாம், நானும் என் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பிளக் சூடேறியிருப்பதால் சாக்கெட்டோடு பிளக்கையும் மாற்றுங்கள். பிளக்கின் கருகிய உலோக முனை புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். ஒயரின் முனை கறுத்திருந்தால், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு, பைப்புகள் செல்லும் வழியை அளவு நாடாவை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் தாங்கும் கிளாம்புக்காகத் தளத்தில் துளையிடுபவர் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும்.